மேய்ப்பன் படத்துக்கு ஒரு பிச்சி மாலை

“படம் காட்டாம உனக்குப் பாடம் சொல்லத் தெரியாதா? அப்போ நீ படிச்ச படிப்பு எதுக்கு மக்கா?”

எங்கள் ஊர்ச் சபையை நடத்தும் உபதேசியார் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதினெட்டு வயது. நான் ஒரு ஸ்டூலின் மேல் ஏறி, சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். கேள்வி என் பின்னால் எங்கோ கேட்டது. திரும்பிப் பார்க்காமல் இன்னும் இரண்டு அடி அடித்தேன். அவ்வளவு திமிர் எனக்கு அப்போது உண்டு. இப்போதும் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

அஞ்சுகிராமத்துக்குத் தெற்கே, கடலுக்கு ஒரு மைல் முன்னால் இருக்கிறது எங்கள் ஊர். ஒரே கட்டடம்தான். திங்கள் முதல் வெள்ளி வரை அது பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை ஆலயம். வெள்ளையடித்த நான்கு சுவர்கள், ஒரு மேசை, மேசை மேல் பெரிய வேதப்புத்தகம். ஆலயம் என்று காட்ட வேறு ஒன்றும் கிடையாது. படம் இல்லை, சுரூபம் என்கிற சிலை இல்லை, மெழுகுவர்த்தி இல்லை, ஒரு சிலுவை கூட இல்லை. அந்த வெறுமையைச் சொல்லி எங்கள் ஆட்கள் பெருமைப்படுவார்கள். ஒரு மைல் தள்ளிக் கடற்கரையில் ரோமை சபையாரான கத்தோலிக்கரின் கோயில் இருந்தது. அங்கே மாதாவுக்குப் பட்டுச் சேலையும் கிரீடமும் உண்டு. “அவ்வோ மரத்தைக் கும்பிடுதா, நாம வசனத்தைக் கேக்குதோம்” என்று எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

நான் ஏழாம் வகுப்புத் தேறி, அந்தப் பள்ளியில் உதவி வாத்திச்சியாக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் எழுத்துப் படித்ததில்லை. அப்பா மலைக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார். அவர் சொல்ல வேறொருவர் எழுதிய கடிதம் மாதம் ஒன்று வரும். முன்பெல்லாம் அதை எடுத்துக்கொண்டு அம்மா உபதேசியார் வீட்டு வாசலில் நிற்பாள். நான் படித்த பிறகு அந்த நிற்பு ஒழிந்தது. இனி அடுத்தது நாகர்கோவில் பயிற்சிப் பள்ளி. அதில் சேர வேண்டுமானால் எங்கள் சபைக் கமிட்டி கையெழுத்திட்ட நற்சான்றுக் கடிதம் வேண்டும். அந்த ஆண்டு முழுவதும் நான் அந்த ஒரு கடிதத்துக்காகத்தான் மூச்சு விட்டேன் என்று சொல்லலாம்.

நான் ஆணி அடித்து மாட்டிய படம், நெய்யூர்ப் பக்கமிருந்து வந்துபோகும் வெள்ளைக்கார மிசியம்மா ஒருவர் கொடுத்தது. ஓய்வுநாள் பள்ளிக்காகச் சீமையில் அச்சடித்த சுருட்டுப் படம். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்திருக்கும், பாய் போலச் சுருட்டிக் கட்டலாம். நல்ல மேய்ப்பன் ஓர் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாறைச் சரிவில் இறங்கி வருகிறார். எங்கள் பிள்ளைகள் அப்படி ஓர் ஆட்டைக் கண்டதே இல்லை.

“வாத்திச்சி, அது ஆடா பஞ்சுமூடையா?”

“ஆடுதான்.”

“இதெ நம்ம ஊரு வெயிலுல கட்டிப்போட்டா செத்துப்போகும், பாவம்.”

அன்றைக்கு அவர்கள் காணாமற்போன ஆட்டின் கதையை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார்கள். உபதேசியார் கதவருகே நின்று கேட்டுவிட்டு, “செரி. ஆனா சனிக்கிழமை பொழுது சாயும் முன்ன இதெச் சுருட்டிக் கட்டிரணும். ஞாயிற்றுக்கிழமை இது கண்ணுல படப்பிடாது” என்றார். நான் ஒப்புக்கொண்டேன்.

எங்கள் பள்ளிக்குக் கடற்கரைப் பிள்ளைகள் நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேருடைய அம்மா மீன் விற்பவள். கூடையோடு எங்கள் தெருவுக்கு வரும்போதெல்லாம் பள்ளி வாசலில் நின்று அந்தப் படத்தைப் பார்ப்பாள். கூடையை இறக்காமலே நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வாள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

“அக்கா, இது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுத படம். கும்பிடுததுக்கு இல்ல.”

“நான் உங்க படத்தெத் தின்னாபுட்டேன்? பாத்தேன், அவ்வளவுதான். வாத்திச்சிக்கு நெத்திலி வேணுமா, சாளை வேணுமா?”

அவளுக்கும் என் அம்மாவுக்கும் வியாபாரம் உண்டு. அம்மா பிறந்தது தோவாளைப் பக்கம். பூக்கட்டு அவளுக்குச் சிறு வயதிலேயே கைவந்தது. தோவாளையிலிருந்து காலை பஸ்ஸில் வரும் பூக்கூடையை அஞ்சுகிராமத்தில் வாங்கி வந்து, பகல் முழுவதும் கட்டுவாள். நாங்கள் தொட்டுக் கட்டிய மாலை பெரிய கோயில்களுக்குப் போகாது. கல்யாண வீடுகளுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் போகும். கடற்கரை மாலை என்றால் தனிக் கணக்கு: பிச்சிப்பூவுக்கு நடுவே சாணுக்கு ஒரு கொத்து மரிக்கொழுந்து வைக்க வேண்டும். அந்த மாலையை மீன்காரியக்காதான் வாங்கிப் போவாள். எங்கள் ஆலயத்துக்கு மட்டும் அம்மா ஒரு நாளும் பூக் கட்டியதில்லை. அங்கே யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை தோறும் அதைப் பெருக்கி, தரையைச் சாணம் மெழுகுவது மட்டும் அவள் வேலை.

ஒரு சனிக்கிழமை நான் பயிற்சிப் பள்ளி விவரம் கேட்க நாகர்கோவில் போனேன். படத்தைச் சுருட்டிவிடும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பும்போது நல்ல மழை.

மறுநாள் காலை ஆலயக் கதவைத் திறந்த கூட்டம் அப்படியே நின்றது. படம் சுவரில் விரிந்து தொங்கியது. அதன் மேல் ஒரு மாலை. பிச்சியும், சாணுக்கு ஒரு கொத்து கொழுந்தும். மழை ஈரத்தில் மணம் கட்டடம் முழுக்க நிறைந்திருந்தது. யாரும் பாட்டைத் தொடங்கவில்லை. உபதேசியார் முன்னே போய், தம் குடையின் வளைந்த பிடியால் அந்த மாலையைத் தூக்கினார், கையால் தொடாமல், பாம்பை எடுப்பது போல. வெளியே எறிந்துவிட்டு வந்து, படத்தைத் தாமே சுருட்டினார். அன்றைய பிரசங்கம் வனாந்தரத்தில் செய்த பொன் கன்றுக்குட்டியைப் பற்றியது.

ஆராதனை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“யாரு செய்த வேலை?”

“கடற்கரைக்காரிதான் ஐயா. வேற யாரு செய்வா?”

“நீ கண்டியா?”

“காணல்ல. ஆனா அது அவ்வோ கோயிலுக்குக் கட்டுத மாலை. எங்க அம்மா கட்டினது. எனக்கு முடிச்சு தெரியும்.”

“எழுதித் தா. புதன்கிழமை கமிட்டியில வாசிக்கணும். உனக்கக் கடிதமும் அன்னைக்குத்தான் எடுக்குதோம்.”

நான் ஒரு பக்கம் முழுவதும் எழுதினேன். எங்கள் குடும்பத்தார் எழுதிய எழுத்தைச் சபைக் கமிட்டி உட்கார்ந்து கேட்கப்போவது அதுதான் முதல் தடவை. எழுத்தைக் குண்டு குண்டாக, அடிக்கோல் வைத்து எழுதினேன். ‘விக்கிரக ஆராதனையில் பழகின அந்த ஸ்திரீ’ என்று ஒரு வரி. அது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘இப்படிப்பட்டவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நமது பள்ளிக்கு வருவதைக் குறித்தும் கமிட்டியார் யோசிப்பது நலம்’ என்று முடித்தேன். யாரும் அதைக் கேட்கவில்லை. கடிதம் நிறைவாக முடிய வேண்டும் என்று நானே சேர்த்தது.

உபதேசியார் கமிட்டி வரை காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை காலையிலேயே அந்த நான்கு பிள்ளைகளையும் வாசலில் நிறுத்தி, புதன்கிழமை முடிவு தெரிந்த பிறகு வந்தால் போதும் என்று திருப்பி அனுப்பினார். மூன்று பேர் உடனே ஓடினார்கள். மீன்காரியக்காவின் சின்ன மகள் மட்டும் நின்று, “வாத்திச்சி, ஒரு மட்டம் படத்தெப் பாத்துட்டுப் போகட்டா?” என்று கேட்டாள். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த பலகையையே மறுபடியும் துடைத்தேன்.

சாயந்திரம் அம்மா பூக் கட்டிக்கொண்டே கேட்டாள், “அந்தப் பிள்ளையோ ஏன் காலத்தே திரும்பிப் போச்சு?”

சொன்னேன். கமிட்டிக்கு எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். நகல் என்னிடம் இருந்தது.

“வாசி, கேப்போம்.”

வாசித்தேன். ஆலயத்தில் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி, நன்றாகவே வாசித்தேன். ‘விக்கிரக ஆராதனையில் பழகின அந்த ஸ்திரீ’ என்ற இடத்தில் அம்மாவின் கை நின்றது. நான் அது மெச்சுதல் என்று நினைத்தேன்.

முடித்ததும் அவள் சொன்னாள், “ஏட்டி, அந்த மாலை நான் போட்டது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றது.

“மொழுகி முடிச்சிட்டுச் சுருட்டலாம்னு கிட்டப் போனேன். அந்த மனுசன் ஆட்டைத் தோளுல போட்டுட்டு எறங்கி வாறாரு இல்லா. உங்க அப்பா அந்த மலையில இருந்து எறங்கி வாறதெ நெனச்சேன். மடியில ஒரு மாலை மிச்சம் கெடந்தது. போட்டேன். ஒரு நாழி பாத்துட்டு எடுத்துரலாம்னுதான் இருந்தேன். மழை வந்துட்டு. காயப்போட்ட வெறகை அள்ள ஓடினேன். பெறகு மறந்துபோச்சு.”

“நேத்து ஏன் சொல்லல்ல?”

“எல்லாரும் பாம்பெக் கண்டது போல நிக்குதா. நான் என்னத்தெச் சொல்ல? நீ முன்ன வரிசையில இருக்கே.”

அப்போது நான் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். “அம்மா, நீ ஒண்ணும் சொல்லாதே. புதன்கிழமை கடிதம் கையில வரட்டும். பெறகு பாப்போம்.”

அம்மா என்னைப் பார்த்தாள். “அப்போ அந்த நாலு பிள்ளையளும்?”

நாரை எடுத்து அடுத்த முடிச்சைப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் கடற்கரைக்கு நடந்தேன். மீன்காரியக்கா வீட்டில் இல்லை. கோயிலில் இருப்பதாகச் சொன்னார்கள். நான் அதுவரை அந்தக் கோயிலுக்குள் போனதில்லை. செருப்பில்லாத காலை மணலோடு உள்ளே வைத்தபோது, யாராவது எங்கள் ஊரார் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். உள்ளே மெழுகு வாசனை, உப்பு வாசனை, வாடிய பிச்சி வாசனை. மாதாவின் கழுத்தில் கிடந்தது என் அம்மாவின் மாலை. கீழே அக்கா உட்கார்ந்திருந்தாள், மடியில் ஓர் அழுக்குத் துண்டு.

“கும்பிட வந்தியா வாத்திச்சி? வேதம் மாறிட்டியா?” என்று சிரித்தாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் மேல் எழுதியதையும், மாலை போட்டது யார் என்பதையும். சிரிப்பு போய்விட்டது.

“நான் போட்டிருந்தா போட்டேன்னு சொல்லியிருப்பேன். எனக்க பிள்ளையளெ ஏன் பிள்ளே வெரட்டினே?”

“தப்பு அக்கா.”

“உங்களுக்கு எங்களெக் கண்டா ஒரு எளக்காரம். இது மரம்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்? செதுக்கினவன் பேரு கூடத் தெரியும், அவன் எங்க ஊருல ஆறு மாசம் மீன் தின்னான்.” மடியிலிருந்த துண்டைத் தூக்கிக் காட்டினாள். “இது எங்க வீட்டுக்காரரு துண்டு. அவரு கடலுக்குப் போனா, திரும்பி வரும் வரைக்கும் மடியில வச்சிருப்பேன். நான் துண்டையா தேடுதேன்?”

நான் மண்டியிடவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் எழுந்து வரும்போது, அந்தச் சுரூபத்தின் பாதத்தில் வர்ணம் தேய்ந்து மரம் தெரிவதைப் பார்த்தேன். எத்தனை கைகள் தொட்டால் அப்படித் தேயும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

புதன்கிழமை கமிட்டி கூடியது. உபதேசியாரும் சபைக் காரியம் பார்க்கும் நான்கு டீக்கன்மாரும் பெஞ்சில் இருந்தார்கள். நான் அம்மாவை வர வேண்டாம் என்றேன். அவள் எனக்கு முன்னால் நடந்து போய்விட்டாள்.

“நான் எழுதித் தந்தது தப்பு ஐயா. அதெத் திருப்பித் தாங்கோ” என்றேன். காரணம் கேட்டார்கள். நான் வாய் திறக்கும் முன் அம்மா எழுந்தாள்.

“மாலை நான் போட்டேன்.”

ஒரு டீக்கன், “நீயா? முப்பது வருசமா சபையில இருந்துட்டு, காயிதத்தெக் கும்பிட்டியா?” என்றார்.

“கும்பிடல்ல ஐயா. உங்களுக்குப் பாட்டு இருக்கு, வாசிக்கப் பொஸ்தகம் இருக்கு. எனக்கு வாசிக்கத் தெரியாது. பாட்டும் பாதி தப்பும். எனக்குத் தெரிஞ்சது பூக்கட்டுதான். ஊருக்கெல்லாம் கட்டுதேன். அவருக்கு ஒண்ணு கட்டல்லேன்னு தோணிச்சு.”

“அப்படித்தான் எல்லாம் தொடங்கும்” என்றார் இன்னொருவர். “இவளெ இராப்போஜனத்துல இருந்து நிறுத்தணும், அப்பமும் ரசமும் குடுக்கப்பிடாது.”

உபதேசியார் பெஞ்சை விட்டு எழுந்தார். பிறகு வாசற்படியைக் காட்டினார். அது நீளமான ஒரு கருங்கல்.

“அந்தக் கல்லு என்ன கல்லுன்னு தெரியுமா மக்கா? எங்க பாட்டன் மாடனுக்கு ஆடு வெட்டின கல்லு. பயந்து பயந்து வெட்டினாரு. பிள்ளைக்குக் காச்சலா, ஆடு. மழை இல்லையா, ஆடு. வேதத்துக்கு வந்த அன்னைக்கு அதெப் பெயர்த்துக் கொண்டாந்து படியாப் போட்டாரு, எல்லாரும் மிதிச்சு ஏறட்டும்னு. அந்தப் பயம் திரும்பி வந்துரப்பிடாதுன்னுதான் சுவரை வெறுஞ்சுவரா வச்சிருக்கோம். பூவு மேல எனக்கு வெரோதம் இல்ல.”

அதுவரை அவரை வறட்டு மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றுதான் அந்த வெள்ளைச் சுவருக்கும் ஒரு கதை உண்டு என்று எனக்குத் தெரிந்தது. இன்றும் நான் படத்தின் முன்னாலோ சுரூபத்தின் முன்னாலோ ஜெபிப்பதில்லை. ஜெபிக்கிறவர்களைப் பார்த்து முகம் சுளிப்பதும் இல்லை.

அம்மா கேட்டாள், “பயந்து போட்டா தப்பு ஐயா. நான் பயந்து போடல்லியே?”

உபதேசியார் மேசை மேலிருந்த வேதப்புத்தகத்தை நேராக்கி வைத்தார். கொஞ்சம் கழித்து, “பூவைப் படத்துல போடாதே. மேசையில ஒரு செம்புல வை” என்றார். அம்மாவை நிறுத்தும் பேச்சு அதோடு முடிந்தது. கடற்கரைப் பிள்ளைகள் வியாழக்கிழமை முதல் வரலாம் என்றார்கள். படத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை உபதேசியார் வைத்துக்கொண்டார். என் நற்சான்றுக் கடிதத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. “காணாததெக் கண்டதுபோல எழுதின கைக்கு ஒரு வருசம் பொறுமை நல்லது” என்றார் ஒரு டீக்கன். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, “என்னால உனக்குக் கெட்டுப்போச்சு” என்றாள்.

“உன்னால இல்ல. எனக்க எழுத்தால.”

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலய மேசையில் முதல் முறையாகப் பிச்சிப்பூ இருந்தது. ஒரு சிலர் மூக்கைச் சுளித்தார்கள். மூன்றாம் வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல்; பூ வரவில்லை. அப்போது அந்த ஒரு சிலரில் ஒருவர்தான் முதலில் கேட்டார், “இன்னைக்குப் பூ இல்லியா?”

படம் இல்லாமல் பாடம் நடத்தினேன். நடத்தத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு நாள் பிள்ளைகள் கெஞ்சியதால் கரும்பலகையில் நானே ஓர் ஆடு வரைந்தேன். வகுப்பே சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு உபதேசியார் எட்டிப் பார்த்தார். பலகையை வெகுநேரம் பார்த்தார்.

“இது என்ன மக்கா, நாயா?”

“ஆடு ஐயா.”

அப்படியே போனார். திரும்பி வந்தபோது கையில் அலமாரிச் சாவி இருந்தது. “சனிக்கிழமை நீயே சுருட்டணும். ஆளெ ஏவப்பிடாது” என்றார்.

ஒரு வருடம் கழித்துக் கடிதம் கிடைத்தது. ஐந்து கையெழுத்தும் இருந்தன. பயிற்சிப் பள்ளிக்குத் தகரப்பெட்டியோடு போனேன். சான்றிதழ் வாங்கினேன். அப்பா மலையிலிருந்து இறங்கி வந்து அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார், நான் திருத்தவில்லை.

எங்கள் ஊருக்கும் கடற்கரைக்கும் நடுவில் இப்போது ஒரு சர்க்கார் பள்ளி திறந்திருக்கிறார்கள். வெள்ளாள வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் கடற்கரைப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டிய பள்ளி. மிஷன் பள்ளியிலேயே இருந்தால் தலைமை வாத்திச்சி ஆகலாம் என்று உபதேசியார் சொன்னார். யோசித்தேன். பிறகு சர்க்கார் பள்ளிக்கு விண்ணப்பம் எழுதினேன். எழுதியதை அனுப்பும் முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “கண்டதெத்தான் எழுதியிருக்கியா?” என்று மட்டும் கேட்டாள்.

உத்தரவு போன வாரம் வந்தது. நேற்றுப் போய்ச் சேர்ந்து கையெழுத்திட்டேன். பிள்ளைகளின் பெயர்களை நானே புத்தகத்தில் எழுதினேன். முதல் பெயர் மீன்காரியக்காவின் கடைசி மகனுடையது. சாயந்திரம் எல்லோரும் போன பிறகு, ஸ்டூலின் மேல் ஏறி, வகுப்புச் சுவரில் பாடப் படம் மாட்ட இரண்டு ஆணிகள் அடித்துவிட்டு வந்திருக்கிறேன்.